முகத்துவாரத்தில் நின்றுபோன மிஷின்

தோணிமேடு,
பழவேற்காடு அஞ்சல்.
9-6-1989

டேய் ஆதி,

நீ நல்லா இருக்கியான்னு நான் கேக்கப் போறதில்ல. ஷார்ஜாவுல மூணு வேளையும் தின்னுகினு நல்லாத்தான் இருப்ப. இங்க நாங்க நல்லா இல்ல. அத்த சொல்லத்தான் இந்த லெட்டர்.

மாசி மாசம் லீவுல வந்தப்ப சங்கத்துக்காரங்களக் கூட்டினு போயி, துறைமுக வேலை முடிச்ச கம்பெனிக்காரன் ஏலம் வுட்ட எடத்துல மண்ணு தோண்டற ஜப்பான் மிஷின் ஒண்ண நீயே ஏறி ஓட்டிப் பாத்த. கைய தட்டி, "தங்கமான மிஷின், கண்ண மூடினு எடுங்க"ன்னு சொன்ன. கண்ண மூடினுதான் எடுத்தாங்க. அந்தத் தங்கம் இப்ப பதினோரு நாளா முகத்துவாரத்து மணல்ல செத்த ஆமை கணக்கா கெடக்குது.

கடல் வாய் மூடி மூணு மாசம் ஆவுது. கடல் தண்ணி ஏரிக்குள்ள வரல, எறா வரல. இருக்கற தண்ணியும் வெயில்ல சுண்டி உப்பாப் போயி மடவை மீனு செத்து மெதக்குது. ஊர்ல பாதி வூட்ல ஒருவேளை கஞ்சி. மழைக்கு முன்னாடி வாய தோண்டித் தொறந்துடலாம்னுதான் மிஷின வாங்கினாங்க. உங்க மாமாவுக்கு டிராக்டர் ஓட்டின பழக்கம் இருக்குதேன்னு அவர ஓட்டச் சொன்னாங்க.

மிஷின் ஸ்டார்ட் ஆவுது. சும்மா நிக்க வச்சா நாள் பூரா உறுமினு நிக்கும். மண்ணுல கைய வுட்டு நாலு வாரு வாரினா போதும், சீட்டுக்கு முன்னாடி பலகையில செவப்பு லைட்டு எரியுது. இன்ஜின் சத்தம் எறங்கிப் போவுது. கைய தூக்கக்கூட தெம்பு இல்ல அதுக்கு. அணைச்சுட்டு கொஞ்ச நேரம் வுட்டுப் போட்டா மறுபடி ஓடும், மறுபடி படுத்துக்கும். பகல்ல நாலடி தோண்டினா ராத்திரி அலை வந்து அத்தயும் மூடிட்டுப் போவுது. பொன்னேரி மெக்கானிக் வந்து டீசல் டேங்க்க கழுவினான், பில்டர மாத்தினான், மூணு நாளு எங்க வூட்டு மீனத் தின்னான், போயிட்டான்.

இப்ப ஊர் மொத்தமும் உங்க மாமா மூஞ்சியப் பாக்குது. தண்ணிக் கொழாய்ல கூட எனக்கு எடம் வுட மாட்டறாளுங்க. நீ பாத்து எடுத்த மிஷின். அதுக்கு இன்னா நோவுன்னு நீதான் சொல்லணும். சீக்கிரம் எழுது.

மனோரமா

ஷார்ஜா
24-6-1989

அக்காவுக்கு ஆதிநாராயணன் எழுதுவது.

மூணு வேளையும் தின்னுகிட்டு இருக்கேன்னு எழுதியிருந்த. அம்பது டிகிரி வெயில்ல, தொட்டா தோல் உரியற இரும்பு மேல குந்திகிட்டு வேலை செய்யறேன். என்னோட மேஸ்திரி ஒரு பட்டாணியன். அவன் திட்டறது போதாதுன்னு பன்னண்டு நாள் பிளேன்ல வந்து நீயும் திட்டற.

மிஷின் நல்ல மிஷின். ரெண்டு மணி நேரம் நானே ஓட்டினேன். லைட்டும் எரியல, ஒண்ணும் எரியல. நான் ஊரை விட்டு வந்த மூணாம் மாசம் கெட்டுப்போச்சுன்னா கெடுத்தது யாரு? அது டிராக்டர் இல்லக்கா. இத்த அன்னிக்கே கூட்டத்துல சொன்னேன், படிச்ச டிரைவரா பாத்துப் போடுங்கன்னு. யாரும் காதுல வாங்கல. மாமாவுக்கு ஸ்டீரிங் பிடிக்கத் தெரியும், இதுல ஸ்டீரிங்கே கிடையாது.

உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். அதுல ரெண்டு பெட்டி இருக்கு. ஒண்ணு டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி. இன்னொண்ணு இன்ஜின் பக்கத்துல. சீட்டுப் பெட்டி, இவ்ளோ வேகம் வேணும்னு கேக்கும். இன்ஜின் பெட்டி, இவ்ளோ வேகத்துல ஓடுறேன், இவ்ளோ சூடா இருக்கேன்னு பதில் சொல்லும். மெல்லிசு ஒயர் வழியா நாள் முழுக்க ரெண்டும் பேசிக்கிட்டே இருக்கும். பதில் வரலேன்னா சீட்டுப் பெட்டி பயந்துபோயி வேகத்தைக் குறைச்சிடும். பழைய மிஷின்ல இந்தக் கதையெல்லாம் இல்ல. இப்ப வர்றதுல வச்சுட்டான்.

கோளாறு அங்கேதானான்னு எனக்குத் தெரியல. சீட்டுப் பெட்டியில ஒரு பொட்டு லைட்டு இருக்கும். மிஷின் படுத்துக்கும்போது அது மினுக்கும். எப்படி மினுக்குதுன்னு எண்ணி எழுது. மாமாவை எண்ணச் சொல்லாத. அவர் காலையில எண்ணினா ஒரு கணக்கு, சாராயம் உள்ள போனதுக்கு அப்பால எண்ணினா வேற கணக்கு.

தலைவர் வீரராகவனுக்கும் தனியா ஒரு லெட்டர் போட்டிருக்கேன். அவரே என்னைக் கேட்டிருந்தாரு.

ஆதி

தோணிமேடு
9-7-1989

ஆதி,

உன் லெட்டரு எனக்கு வர்றதுக்கு முன்னாடியே தலைவருக்கு வந்திடுச்சி. ஞாயித்துக்கிழமை கிராமம் கூடிச்சு. பொம்பளைங்க போவக் கூடாதே, நான் வூட்லதான் கெடந்தேன். பக்கத்து வூட்டு குப்பம்மா புருஷன் வந்து சொன்னான், நீ இன்னா எழுதினேன்னு. "நான் பார்த்தபோது மிஷினில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒயரில் யாராவது கை வைத்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. யார் கை வைத்தது என்று கூட்டத்தில் விசாரியுங்கள்." நல்லாத்தான் எழுதற. இந்த எழுத்துக்காகவா உன்ன பொன்னேரிக்கு அனுப்பி நைனா படிக்க வச்சாரு?

விசாரிச்சாங்க. தீர்ப்பு சொன்னாங்க. மிஷின் கெட்டது உங்க மாமா கோதண்டத்தாலதான். அதனால அவருக்கு இனிமே பாடு கெடையாது. ஏரியில நம்ம முறை வந்தாலும் வலை எறக்கக் கூடாது. அடுத்தவன் படகுலயும் ஏறக் கூடாது, ஏத்தினா அவனுக்கும் பாடு போச்சு. எங்க கல்யாணத்துக்கு முன்னாடி மோசக்காரன் ஒருத்தனுக்கு இப்படி நிறுத்தினாங்களாம். அதுக்கு அப்பால உங்க மாமாவுக்குத்தான்.

கூட்டத்துலருந்து வந்தவரு என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. எதுனா சொல்லுய்யான்னு கேட்டேன், சண்டை போட்டேன், கையப் புடிச்சுகினேன். லுங்கி ரெண்டு, துண்டு ஒண்ணு சுருட்டிகினாரு. விடியக் காத்தால மீஞ்சூருக்குப் போயிட்டாரு. அங்க ரயிலடியில உர மூட்டை எறக்கறாராம். ஏரியில பொறந்து ஏரியில வளந்த ஆளு, முதுகுல மூட்டை. சாராயம்னு எழுதினியே, பெரியவ பொறந்த வருசமே அத்த வுட்டாச்சு அவரு. அதுகூட தெரியாத அளவுக்கு நீ எங்கள மறந்துட்ட.

கேளு. பொன்னேரிலருந்து நீ சொன்ன படிச்ச டிரைவரயே வரவழைச்சாங்க. பேண்ட் போட்ட ஆளு. அவன் ஓட்டினாலும் நாலே வாரு, செவப்பு லைட்டு, படுத்துகிச்சு. அப்ப தப்பு ஓட்டறவன் கையில இல்லன்னு ஆச்சா இல்லியா? அத்தக் கேட்டா, கோதண்டம் முன்னாடியே கெடுத்து வச்சுட்டான்றாங்க.

அந்த டிரைவர் கிட்டயே மினுக்கற கணக்க கேட்டு வாங்கினேன். ஒரு நீட்டு, மூணு சின்னது, அப்பால நிறுத்தம். திரும்ப ஒரு நீட்டு, மூணு சின்னது. நாலு தரம் பாத்து எழுதிக் குடுத்தான். இத்த வச்சுகினு இன்னா நோவுன்னு சொல்லு. சொல்லத் தெரியலேன்னா தெரியலேன்னு எழுது. உனக்கு அக்கா ஒருத்தி இருந்தா, செத்துட்டான்னு நெனச்சுக்கோ.

மனோரமா

ஷார்ஜா
25-7-1989

அக்கா,

பாடு நிறுத்துவாங்கன்னு நான் நினைக்கல. சத்தியமா நினைக்கல. விசாரிங்கன்னு எழுதினேன், வயித்துல அடிங்கன்னு எழுதல. அவர் கேட்டதுக்கு நான் எனக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதினேன். அதைத் திரிச்சா நான் என்ன பண்ண முடியும்?

சரி, வேலைக்கு வரேன். இங்க யார்டுல அதே ரக மிஷினோட புத்தகம் ஒண்ணு இருக்கு. மேஸ்திரி டீ குடிக்கப் போனப்ப எடுத்துப் பாத்தேன். ஒரு நீட்டு, மூணு சின்னதுன்னா, ரெண்டு பெட்டிக்கும் நடுவுல பேச்சு அறுந்துபோச்சுன்னு அர்த்தம். பெட்டி கெட்டுப்போகல. பெட்டி கெட்டிருந்தா வேற மாதிரி மினுக்கும். ஒயர்லயோ பிளக்லயோதான் கோளாறு.

சும்மா நிக்கும்போது வரல, மண்ணை வாரும்போது மட்டும் வருதுன்னு எழுதியிருந்தியே, அதுதான் துப்பு. சீட்டு இருக்கற கூண்டு ரப்பர் மேல உக்காந்திருக்கு, இன்ஜின் தனியா வேற ரப்பர் மேல. மண்ணுல கை இறங்கினா ரெண்டும் ஆளுக்கு ஒரு பக்கம் ஆடும். ஆடும்போது எங்கேயோ தொடுப்பு விட்டுப்போகுது. பொன்னேரிக்காரன் நிக்க வச்சே பாத்தா அதனாலதான் அவனுக்குத் தெரியல.

செய்ய வேண்டியது இது. முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டணும். மறக்கக் கூடாது, மறந்தா பெட்டியும் போயிடும். சீட்டுப் பின்னாடி பிளக்கையும் இன்ஜின் பக்கத்து பிளக்கையும் பிடுங்கணும். உள்ள பச்சை பூத்திருந்தா ஸ்பிரிட்டு, பழைய பல் பிரஷ் வச்சு தேய்க்கணும். மண்ணெண்ணெய் ஊத்தாத. அப்புறம் இன்ஜின் பக்கத்து முனையில பச்சை ஒயர், வெள்ளை ஒயர் ரெண்டையும் ஊசியால ஒண்ணா சேர்த்துப் பிடிக்கணும். சீட்டுப் பக்கத்துல மீட்டர் வச்சா முள் கடைசி வரைக்கும் போகணும். போச்சுன்னா அப்படியே வச்சுகிட்டு யாராவது கூண்டைப் பிடிச்சு குலுக்கணும். முள் விழுந்தா கோளாறு அங்கதான்.

பஜார்ல ரேடியோ ரிப்பேர் பண்ற ரியாசுதீன் பாய்கிட்ட மீட்டர் இருக்கும். அவர்கிட்ட இந்த லெட்டரை அப்படியே காட்டு.

பசங்க எப்படி இருக்காங்க?

ஆதி

தோணிமேடு
13-8-1989

ஆதி,

பசங்க எப்படி இருக்காங்கன்னு கேட்டியே, நத்தை பொறுக்கினு வந்து வேக வச்சுத் தின்னுகினு இருக்காங்க. போதுமா?

ரியாசுதீன் பாய் உன் லெட்டர ரெண்டு தரம் படிச்சாரு. நல்ல புத்தி இருக்குது, நல்ல மனசு எங்க வச்சுட்டான்னாரு. கடைய மூடினு மத்தியானம் என்கூட வந்தாரு. மிஷினுக்குக் காவலு அர்ஜுனன். எங்க வூட்டு ஆளுங்க கிட்ட வரக் கூடாதுன்னு தலைவர் உத்தரவாம். அவன் போன வருசம் காமாலையில கெடந்தப்ப கீழாநெல்லி அரைச்சு ஊத்தினது யாருன்னு கேட்டேன். அந்தப் பக்கம் திரும்பி நின்னு கடல பாத்துகினான்.

பேட்டரி ஒயர பாய் கழட்டினாரு. பிளக்க புடுங்கினோம். பச்சை லேசாத்தான் இருந்தது, தேச்சோம். அப்பால நான் இன்ஜின் பக்கம் மண்டி போட்டு ஊசிய வச்சுப் புடிச்சேன், பாய் சீட்டாண்ட மீட்டரு புடிச்சாரு. முள்ளு கடைசிக்குப் போச்சுன்னாரு. அர்ஜுனன கூண்டப் புடிச்சு ஆட்டச் சொன்னோம். அவன் ஒரு ஆட்டு ஆட்டினான். முள்ளு வுழுந்துடுச்சி, வுழுந்துடுச்சின்னு பாய் கத்தறாரு. வுட்டா ஏறுது, ஆட்டினா வுழுது.

எனக்கு சந்தோசம் தாங்கல. எங்க அறுந்திருக்குதுன்னு ஒயர தொட்டுகினே போனேன். கூண்டுக்குப் பின்னாடி ஓட்டையில பூந்து இன்ஜின் பக்கம் வர்ற எடத்துல, ஒயரு மொத்தமும் நீல நைலான் நூலால கட்டியிருக்குது. பதினோரு முடிச்சு. இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி வரைக்கும், வலையோட மேல்கயிறு கணக்கா, ஒரு விரக்கடை கூட தொய்வு இல்லாம இழுத்துக் கட்டியிருக்குது. கூண்டு ஆடினா ஒயருக்கு நீள எடம் இல்ல. அது பிளக்க இழுக்குது. இழுத்து இழுத்து பிளக்கு அடியிலயே விண்டுபோயி உள்ள ரெண்டு பித்தளை முள்ளு வெளிய வந்திருச்சி.

அந்த முடிச்சு எங்கிருந்து வந்ததுன்னு நான் யாரையும் கேக்கத் தேவையில்ல. அது என் முடிச்சு. பல்லால கடிச்சு இழுத்து, நுனிய நெருப்புல சுட்டு வச்சிருக்கறேன். இந்த ஊர்ல நுனிய சுடறவ நான் ஒருத்திதான்.

இப்ப உனக்கு ஞாபகம் வருதா? மிஷின் ஊருக்கு வந்த அன்னிக்கு நீ அது மேல ஏறி நின்னுகினு ஊருக்கே வேடிக்கை காட்டின. கூட்டம் கலைஞ்சதுக்கு அப்பால நான் சோறு எடுத்துனு வந்தேன். ஒயரு கீழ தொங்குச்சு. "அக்கா, இது தொங்குது பாரு, உன் கையால நல்லா இழுத்துக் கட்டிடு, யார் கால்லயும் மாட்டாம"ன்னு சொன்ன. நான் மடியில இருந்த நூல எடுத்துக் கட்டினேன். தொங்கற கயித்த எனக்கு வேற எப்படிக் கட்டத் தெரியும்? வலை கட்டற பொம்பளகிட்ட சொன்னா அவ வலை மாதிரிதான் கட்டுவா. ஒயருக்கு மூச்சு வுட எடம் வேணும்னு சொல்லத் தெரிஞ்சவன் நீ. சொன்னியா?

நான் கட்டினேன். நீ கட்டச் சொன்ன. ஒண்ணும் அறியாத மனுசன் மீஞ்சூர்ல மூட்டை தூக்கறாரு. எனக்கு என் கைய வெட்டிப் போட்டுக்கலாமான்னு இருக்குது. உன் நாக்க அதுக்கு முன்னாடி.

முடிச்ச அறுத்துட்டேன். ஆனா பிளக்கு புதுசு வேணும். மெட்ராஸ்ல எங்கயும் கெடைக்காதுன்றாரு பாய். உன் யார்டுலருந்து அனுப்பு. அது என் முடிச்சுன்னு பாய்க்கும் எனக்கும் தவிர யாருக்கும் இன்னும் தெரியாது.

மனோரமா

ஷார்ஜா
26-8-1989

அக்கா,

பிளக் ஜோடி ஒண்ணு, முள் எட்டு, உடைஞ்ச மிஷின்லருந்து கழட்டி எடுத்துட்டேன். நம்ம பழவேற்காட்டு அப்துல் லத்தீப் முப்பதாம் தேதி லீவுல வராரு, அவர் பெட்டியில துணிக்குள்ள சுத்தி வச்சிருக்கு. ரியாசுதீன் பாயை சூடு வச்சு ஈயம் பத்த வைக்கச் சொல்லு. ஒயரை ஒரு முழம் தொய்வா விட்டு, மூணு இடத்துல மட்டும் லேசா கட்டணும்.

நான் கட்டச் சொன்னேன்னு எழுதியிருக்க. எனக்கு அப்படி ஞாபகம் இல்ல. ஒருவேளை சொல்லியிருந்தாலும் கட்டச் சொன்னேன், கழுத்தை நெரிக்கச் சொல்லல. ஒயரையும் வடத்தையும் ஒரே மாதிரி பாக்கறவங்ககிட்ட நான் எத்தனையத்தான் சொல்லிட்டு வரது? அன்னிக்கு ஆயிரம் பேர் ஆயிரம் கேட்டாங்க.

ஒண்ணு சொல்றேன், கோவப்படாம கேளு. முடிச்சு விஷயத்தை யாருகிட்டயும் சொல்லாத. எலி கடிச்சுடுச்சுன்னு பாயை சொல்லச் சொல்லு. எலி மேல பழி போட்டா எலி வந்து கேக்கவா போகுது? மிஷின் ஓடிச்சுன்னா எல்லாரும் எல்லாத்தையும் மறந்துடுவாங்க. மாமாவுக்கும் பாடு தானா திரும்ப வந்திடும். உன் பேரும் வராது, என் பேரும் வராது.

ஆதி

தோணிமேடு
15-9-1989

ஆதி,

பிளக்கு வந்தது. மாட்டினோம். பாய் மண்டை கொதிக்கக் கொதிக்க வெயில்ல குந்தி எட்டு முள்ளுக்கும் ஈயம் வச்சாரு. பொன்னேரி டிரைவர் நாலு நாளு ஓட்டினான், ஒரு தரம் கூட செவப்பு லைட்டு எரியல. பத்தாம் தேதி சாயங்காலம் வாய் தொறந்துகிச்சு. கடல் தண்ணி உள்ள பாஞ்சுகினு வந்தப்ப கெழவனுங்க கூட லுங்கிய மடிச்சுகினு தண்ணில குதிச்சானுங்க. நானும் நின்னு பாத்தேன். எங்கிட்ட ஒருத்தரும் பேசல.

நீ சொன்ன மாதிரி எல்லாம் மறந்துடுவாங்கன்னு பாத்தியே, கேளு. பாய் தலைவர்கிட்ட போயி பிளக்குதான் கெட்டிருந்தது, கோதண்டம் மேல தப்பு இல்லன்னு சொன்னாரு. தலைவர் இன்னா சொன்னாரு தெரியுமா? பிளக்கு தானா கெடாது, கெடுத்தவன் கோதண்டம், சரி பண்ணினது நீங்க, ரொம்ப நன்றின்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பினாராம். மிஷின் ஓடினதுல உங்க மாமா பேருக்கு இன்னும் ஒரு செருப்படி, அவ்ளோதான். ஊரே எறா வாருது. எங்க வூட்டு வலை மூலையில சுருட்டி வச்சது வச்சபடி கெடக்குது.

எலின்னு சொல்ல மாட்டேன். ஏற்கனவே ஒரு பொய்யால என் குடும்பம் தெருவுல நிக்குது, அத்த இன்னொரு பொய்யால தூக்கி நிறுத்த சொல்றியா? நாளைக்கு எவனாவது எலி கடிச்ச ஒயரக் காட்டுன்னா எத்தக் காட்டறது?

ஐப்பசி ஒண்ணாந்தேதி பாடு சீட்டு எடுக்கறாங்க. அன்னிக்கு பேரு இல்லாதவனுக்கு வருசம் பூரா இல்ல. அதுக்குள்ள உங்க மாமா பேரு திரும்பணும். நான் போயி சொல்லலாம். பொம்பள பேச்சு கூட்டத்துல எடுபடாது, புருஷனக் காப்பாத்த பேசறான்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. உன் எழுத்த வச்சுதான் தண்டிச்சாங்க, உன் எழுத்து வந்தாத்தான் நிக்கும். தலைவர் பேருக்கு எழுது. கட்டச் சொன்னது நீ, கட்டினது நானுன்னு எழுது. ஒட்டின கவரா எனக்கு அனுப்பு, நான் கொண்டு போயி குடுக்கறேன்.

ஞாபகம் இல்லன்னு எழுதினியே. நல்லா யோசிச்சுப் பாரு ஆதி. யோசிச்சும் இல்லேன்னா, இனிமே எனக்கு எழுதாத.

மனோரமா

ஷார்ஜா
29-9-1989

அக்கா,

கவர் உள்ள இருக்கு. ஒட்டியிருக்கேன். நீ கேட்டதை எழுதியிருக்கேன்.

உனக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். நாலு நாளா எழுதி எழுதி கிழிச்சேன். எனக்கு ஞாபகம் இருந்தது. நீ ஆகஸ்ட்ல எழுதினதுக்கு அப்பால வந்த ஞாபகம் இல்ல. ஜூன் மாசம் தலைவருக்கு எழுத உக்காந்தப்பவே இருந்தது. செவப்பு லைட்டுன்னு நீ எழுதினதைப் படிச்சதுமே, அந்த ஒயரை அக்காவை விட்டுக் கட்டச் சொன்னோமேன்னுதான் முதல்ல நினைச்சேன். அதனாலதான் கை வச்சவங்களை விசாரிங்கன்னு முந்திக்கிட்டு எழுதினேன். அப்படி எழுதிட்டா என் பக்கம் யாரும் பாக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். மிஷின் பாத்து எடுத்த ஆளுன்னு அந்த ஊரே என்னைத் தூக்கி வச்சுக் கொண்டாடிச்சு. அது போயிடும்னு பயந்தேன். நைனா பேர்ல இருந்த பாடு என் பேர்ல இருக்கு, ஊர் திரும்பினா அது ஒண்ணுதான் எனக்கு. அதுவும் போயிடும்னு பயந்தேன்.

நீதான்னு யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, மாமா மேலயும் நிக்காது, தானா அடங்கிடும்னு நினைச்சேன்.



ஆதி

தோணிமேடு
20-10-1989

ஆதி,

உன் லெட்டர படிச்சேன். தலைவருக்கான கவர பிரிச்சுப் பாக்கலாமான்னு கை பரபரன்னு வந்தது. எங்க வூட்ல பொய் ரொம்ப ஆயிடுச்சு, இது ஒண்ணாவது பிரிக்காம போவட்டும்னு வுட்டுட்டேன்.

சீட்டு எடுக்கற அன்னிக்கு உங்க மாமாவ மீஞ்சூர்லருந்து வரவழைச்சேன். விஷயம் எதுவும் சொல்லல, வந்தாகணும்னு மட்டும் ஆள் அனுப்பினேன். பாதி ஒடம்பா வந்தாரு. கோயிலாண்ட கிராமம் குந்தியிருந்தது. ஓரமா அவரும் போயி நின்னாரு. நான் நேரா நடுவுல போனேன். ஒருத்தன் போம்மா வூட்டுக்குன்னான், ஒருத்தன் கோதண்டம் உன் பொண்டாட்டிய கூட்டினு போன்னான். தலைவர் கையில கவர குடுத்து, ஷார்ஜாவுலருந்து ஆதி எழுதினது, எல்லார் முன்னாடியும் படிங்கன்னு சொன்னேன். போன தரம் அவன் எழுதினத படிச்சீங்களே, இத்தயும் படிங்க.

படிச்சாரு. நீ நெஜமாத்தான் எழுதியிருந்த. ஒண்ண கூட மறைக்கல. பயந்து எழுதினேன்னு கூட எழுதியிருந்த.  அப்ப நான் சொன்னேன், "நான்தான் கட்டினேன். எம் புருஷன் அந்த ஒயர தொட்டது கூட இல்ல."

தலைவர் லெட்டர மடிச்சுகினு என்ன பாக்கல, உங்க மாமாவப் பாத்தாரு. "அப்ப ஜூலை மாசம் இதே எடத்துல ஒயர யாரு கட்டினதுன்னு நான் கேட்டப்ப, நான்தான் கட்டினேன்னு ஏன்யா சொன்ன?"

எனக்கு ஒண்ணும் புரியல. சுத்தி இருந்தவன் எல்லாம் தலைய குனிஞ்சுகினான். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது, எனக்கு மட்டும் தெரியல. அன்னிக்கு ஊரே கேட்டிருக்குது, அந்த நீல நூல யாரு கட்டினதுன்னு. இவரு பாத்ததுமே என் முடிச்சுன்னு கண்டுகினாரு. முன்னாடி வந்து நின்னு, நானுதான்னு சொல்லிட்டாரு. அதுதான் தீர்ப்பு. உன் லெட்டரு கேள்வி கேட்டுச்சு, பதில் சொன்னது அவரு. கட்டினதுதான் கோளாறுன்னு அவருக்கு அப்பத் தெரியாது, தலைவருக்கும் தெரியாது. கை வச்சவன் யாரு, அவ்ளோதான் ஊருக்கு வேண்டியிருந்தது.

தலைவர் திரும்பக் கேட்டாரு. உங்க மாமா துண்ட கையில சுத்திகினே சொன்னாரு, "பொம்பள பேரு இங்க வர வேணாம்னு நெனச்சேன்."

அவரு பேரு திரும்பிச்சு. சீட்டுல மூணாவதா வந்தாரு. உன் பேர அடிச்சிட்டாங்க ஆதி. நைனா பாடு போயிடுச்சு. ஊர் வந்து கால்ல வுழுந்து தப்புக் காசு கட்டினா பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. அடிச்சப்ப நான் வாய தொறக்கல. தொறக்கணும்னு எனக்குத் தோணல. வூட்டுக்கு வந்து நைனாவ நெனச்சு அழுதேன், உன்ன நெனச்சு இல்ல.

நேத்து எங்க முறை. நல்ல எறா. பசங்க வயிறு நெறைய தின்னுட்டு அங்கங்க படுத்துத் தூங்குதுங்க. ஊர்ல இப்ப என்னப் பாத்து பொம்பளைங்க எல்லாம், உன் புருஷன் மாதிரி யாருக்கு வாய்க்கும்னு சொல்றாளுங்க. எனக்கு வயிறு எரியுது. நீ உன்னக் காப்பாத்திக்க பொய் சொன்ன, அவரு என்னக் காப்பாத்த பொய் சொன்னாரு. மூணரை மாசம் நத்தை தின்னது நானும் பசங்களும். என்கிட்ட வந்து, நீதான கட்டினன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே ஆமான்னு சொல்லியிருப்பேன். அறுத்து வுட்டிருப்பேன். ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும். யாருமே என்னக் கேக்கல.

அவரு வந்து மூணு நாளு ஆவுது. சோறு போடறேன், முதுகுல மூட்டை அழுத்தின எடத்துக்கு எண்ணெய் தேச்சு வுடறேன். பேசல. உனக்கு இந்த லெட்டரு எழுதறேன். இப்போதைக்கு ரெண்டு பேருக்கும் என்னால இவ்ளோதான் முடியும்.

மனோரமா